சீக்கிய கால்சா படை மெட்டல் மினியேச்சர்ஸ்: பல வருஷமா சேர்த்து, பெயின்ட் அடிச்சு, விளையாடின அனுபவம்

கால்சா படைன்னா பஞ்சாப்ல ரஞ்சித் சிங் ஆண்ட சீக்கிய அரசோட படை. மேஜை மேல போர் விளையாட்டு ஆட அதைச் சின்ன மெட்டல் சிலைங்களா சேர்க்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும்னா, முதல் காசை பீரங்கில போடுங்க. எல்லாரும் அகாலிங்களத்தான், அதாவது சீக்கியப் போர்த் துறவிங்களத்தான், முதல்ல வாங்குறாங்க, நீல டிரெஸ், உயரமான தலைப்பாகை, அதைச் சுத்தி மாட்டின இரும்புச் சக்கர ஆயுதம், பார்க்கவே அள்ளும், தப்பில்ல. ஆனா இந்தப் படையோட உயிர் பீரங்கிலதான் இருக்கு. அது மேஜைல இல்லன்னா மத்தது எவ்வளவு அழகா இருந்தாலும் அது கால்சா படையா தெரியாது.

ஏன்னு கேட்டா, ரஞ்சித் சிங் 1799ல லாகூரைப் பிடிச்சதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படையையே மாத்தி எழுதினார். நெப்போலியன் படைல இருந்த அலார்டும் வென்ச்சுராவும் 1822ல வந்து சேர்ந்தாங்க, ஃபவுஜ்-இ-காஸ்னு ஐரோப்பிய டிரில் பழகின பிரிகேட் உருவாச்சு, 1827ல கோர்ட்னு இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்து பீரங்கிப் பக்கம் கை வெச்சார், லாகூர்லயே வார்ப்பு வேலை மும்முரமா நடந்துச்சு. லெஹ்னா சிங் மஜீதியா மாதிரி உள்ளூர் ஆளுங்களும் இதுல பெரிய கை. பலன் என்னன்னா, பிரிட்டிஷோட நடந்த முதல் சீக்கியப் போர்ல, 1845 டிசம்பர் 21, 22ல ஃபிரோஸ்ஷாவுல பிரிட்டிஷ் பக்கம் செத்தவங்க, காயம்பட்டவங்க சேர்த்து 2,400-க்கு மேல. சத்லஜ் ஆத்துப் பக்கம் நடந்த அந்தச் சண்டைங்க எல்லாத்துலயும் சீக்கிய பீரங்கிக்காரங்க கடைசி வரைக்கும் பீரங்கிய விட்டு நகரல. நம்ம மேஜைலயும் அதுதானே தெரியணும்.

சரி, பீரங்கி பெயின்டிங். 28 எம்எம்ல (ஆள் சிலை சுமார் அந்த உயரம்) ஒரு செட்டுன்னா குழல், வண்டி, ரெண்டு சக்கரம், நாலு இல்ல அஞ்சு ஆளுன்னு வரும். இந்தப் படையோட பீரங்கிங்கள்ல நிறைய நல்ல அலங்காரத்தோட இருக்கும், மரவண்டில பித்தளைத் தகடு பதிச்சிருப்பாங்க, பிரிட்டிஷ்காரங்க பிடிச்சிட்டுப் போனதுல இன்னிக்கும் அதைப் பார்க்கலாம். அதனால இங்க சோம்பேறித்தனம் காட்டாதீங்க. வண்டிக்கு அடர் பிரவுன், மேல மெல்லிசா வெளிர் பிரவுன்ல மர ரேகை, அதுக்கப்புறம் பிரஷ் நுனில பித்தளை பெயின்டை எடுத்து ஓரமா கோடு கோடா இழுத்து, நடுவுல சின்னப் புள்ளிங்க, அவ்வளவுதான், மூணடி தூரத்துல இருந்து பார்த்தா நெஜமாவே தகடு பதிச்ச மாதிரி மின்னும். குழலுக்கு நேரா பித்தளை அடிச்சா பொம்மை மாதிரி ஆகிடும். கீழ அடர் பிரவுன் போட்டு, மேல பித்தளை, அதுக்கு மேல பிரவுன் வாஷ் (பள்ளத்துல இறங்குற நீர்த்த பெயின்ட்), வாஷ் நல்லா காஞ்சப்புறம் பித்தளையோட துளி சில்வர் கலந்து வளையங்க மேல மட்டும் தொட்டு எடுங்க. வாய்ப் பக்கம் உள்ள கறுப்பு, வெளிய லேசா புகை படிஞ்ச கறுப்பு.

ஆளுங்களப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். பீரங்கிப் படைல எல்லாரும் சீக்கியர் இல்ல. பஞ்சாபி முஸ்லிம்கள் நிறைய பேர், தளபதில ஒருத்தர் பேரே இலாஹி பக்‌ஷ். அதனால அஞ்சு பேருக்கும் ஒரே தாடி, ஒரே தலைப்பாகைன்னு அடிச்சா வரலாறு தப்பாயிடும். படைல கூர்க்காக்கள், டோக்ராக்கள், கிழக்குப் பக்கத்துல இருந்து வந்த பூர்பியாக்கள்னு எல்லாரும் இருந்தாங்க. லாகூர் தர்பார், அதாவது சீக்கிய அரசவை, எப்படி இருந்துச்சோ படையும் அப்படித்தான், அந்தக் கலவை தெரியுற மாதிரி பெயின்ட் பண்ணினா எனக்கு மனசு நெறைஞ்சிடும்.

அடுத்து ரெகுலர் காலாட்படை. இதுதான் எண்ணிக்கைல அதிகம் வேணும், பலரும் இங்கதான் சோர்ந்து போவாங்க. 1845ல இவங்க சிவப்பு கோட்டு, எதிர்ல பிரிட்டிஷும் சிவப்பு கோட்டு, மேஜைல ரெண்டும் கலந்துட்டா யாரு யாருன்னே தெரியாம போயிடும். காப்பாத்துறது ரெண்டு விஷயம், தலைப்பாகை, கறுப்புக் குறுக்குப் பெல்ட். பிரிட்டிஷ் காலாட்படைக்கு வெள்ளை பெல்ட், இவங்களுக்குக் கறுப்பு தோல். அந்தக் கறுப்பை சுத்தக் கறுப்பா விடாம ஓரத்துல அடர் சாம்பல் கோடு ஒண்ணு இழுத்துட்டா தூரத்துல இருந்தே படை பிரிஞ்சு தெரியுது. சிவப்புக்கு நான் வாலேஹோ கம்பெனி பெயின்ட் பாட்டில்தான் ரொம்ப நாளா யூஸ் பண்றேன், மூடியும் துளி விடுற முனையும் நம்ம வெயில்ல கூட சீக்கிரம் கெட்டியாகாம நிக்குது, சிட்டடெல் வாஷ் அருமை ஆனா அந்த டப்பா மூடி ஓரத்துல பெயின்ட் காஞ்சு ஒட்டிக்கும், அடிக்கடி தொடச்சு வெக்கணும். சிவப்புக்கு ஹைலைட்டா வெள்ளை கலக்காதீங்க, பிங்க் ஆயிடும், கொஞ்சம் ஆரஞ்சு கலங்க.

தலைப்பாகைக்கு நேரம் குடுங்க. முகத்தை விட தலைப்பாகைதான் முதல்ல கண்ணுல படும். மடிப்புக்கு மடிப்பு அடர் நிறம் உள்ள, வெளிர் நிறம் மேல, மூணு ஷேடு போதும். ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரு மெயின் கலர் வெச்சுக்கிட்டு உள்ள ஒண்ணு ரெண்டு ஆளுக்கு ஷேடு மாத்துங்க, துணி வெயில்ல ஒரே மாதிரியா வெளுக்காது. தாடிக்குக் கறுப்பு மேல நீலம் கலந்த சாம்பல், வயசானவங்களுக்கு வெள்ளை, நடுவுல ரெண்டும் கலந்தது. சில தொகுப்புங்கள்ல பொதுவா 'இந்தியத் தலை'ன்னு ஒண்ணு வார்த்து அதையே சீக்கியர்னு விக்கிறாங்க. தலைப்பாகை கட்டுற விதமே வேற, முடியும் தாடியும் இவங்களுக்கு நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், அதை ஏனோதானோன்னு செதுக்கினா எனக்குக் கோவம் வரும். வாங்குறதுக்கு முன்னாடி பெயின்ட் அடிக்காத மெட்டல் போட்டோவ பெருசாக்கி தலைய மட்டும் பாருங்க.

வாங்குறப்ப இன்னொரு குழப்பம். 'சீக்' மினியேச்சர்னு தேடினா காக்கி டிரெஸ் போட்ட ஆளுங்க நிறைய வருவாங்க. ஆர்டிசான் டிசைன்ஸ்ல வர்ற சீக்கியர்ங்க நல்ல சிலைங்கதான், ஆனா அவங்க ரெண்டாவது ஆப்கான் போர் காலத்துல பிரிட்டிஷ் படைல இருந்தவங்க. 1897 சாராகர்ஹில நின்ன 36வது சீக் ரெஜிமென்ட் 21 பேரும் அப்படித்தான், பஞ்சாப் 1849ல பிரிட்டிஷ் கைக்குப் போனதுக்கு ரொம்பப் பின்னாடி. தர்பார் காலத்துக்குன்னா ஸ்டூடியோ மினியேச்சர்ஸ் 28 எம்எம்ல சீக்கியப் போர்களுக்குன்னே தொகுப்பு போட்டாங்க, என் படைல பெரும்பகுதி அதுதான், முகங்கள்ல உயிர் இருக்கு, நிக்கிற தோரணையும் அலட்டல் இல்லாம இருக்கும். கப்பல் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்தா விலை நல்லாவே ஏறும், மெட்டல் கனம் வேற, அதனால ரெண்டு மூணு பேரு சேர்ந்து ஆர்டர் போடுறதுதான் புத்திசாலித்தனம். வேற ஒரு கடைல இருந்து ஒருதரம் வந்த குதிரைங்கள்ல அச்சு நகர்ந்து ரெண்டு பாதியும் பொருந்தாம இருந்துச்சு, படம் எடுத்து அனுப்பியும் பதிலே இல்ல, பாக்கெட்டைப் பிரிச்ச அன்னிக்கே எல்லாத்தையும் செக் பண்ணிடுங்க.

மெட்டல் எப்படி உழைக்குதுன்னு கேப்பீங்க. கைல எடுத்தா அந்தக் கனம் பிளாஸ்டிக்ல வரவே வராது, மேஜைல வெச்சா நின்ன இடத்துல நிக்கும். ஆனா பயனெட்டும் கத்தியும் வளையும், வளைஞ்சதை நிமித்தி நிமித்தி ஒரு நாள் ஒடிஞ்சிடும், ஒடிஞ்சா பின் வைஸ்ல (சின்ன கைத் துளைப்பான்) சின்ன ஓட்டை போட்டு பித்தளைக் கம்பி சொருகிடுங்க, ஈட்டிங்களுக்கெல்லாம் முதல்லயே கம்பிதான் பெஸ்ட். அச்சுக் கோட்டை ஊசி அரத்துல தேச்சு, சோப்புத் தண்ணில கழுவி, நல்லா காயவெச்சு, அப்புறம்தான் பிரைமர். குதிரை இடுப்புல வர்ற இடுக்குக்கு எம்-சீல் போதும், வெளிநாட்டு பட்டி தேவையே இல்ல. மூக்கு, தலைப்பாகை உச்சி, குதிரைக் காது, இங்கதான் பெயின்ட் முதல்ல உரியும், அதனால கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட்டு, அது மேல மேட் ஒரு கோட்டு. சென்னைல ஐப்பசி கார்த்திகைல ஸ்பிரே வார்னிஷைத் தொடாதீங்க, காத்துல இருக்கிற ஈரத்துக்கு வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடும், பிரஷ்ஷால அடிங்க. பழைய செகண்ட் ஹேண்ட் சிலைங்கள்ல ஈயம் அதிகம், தேக்கிற தூளை மூச்சுல இழுக்காதீங்க, கைய நல்லா கழுவுங்க. அதை மர அலமாரில மூடி வெச்சா, அதுவும் ஓக் மரம்னா, மரத்துல இருந்து வர்ற அமில ஆவிக்கு வெள்ளைப் பொடியா பூத்து அரிச்சிடும். கண்ணாடி இல்ல ஸ்டீல் ஷெல்ஃப் நல்லது, பேஸ் அடில காந்தம் ஒட்டிட்டா ஸ்டீல் தட்டுல பத்திரமா தூக்கிட்டும் போகலாம்.

பேஸுக்குப் பச்சைப் புல் வேணாம். 1845 டிசம்பர் 18 முத்கி சண்டையே புழுதி மேகத்துல, பொழுது சாயுற நேரத்துல நடந்தது. வெளிறின மண் கலர், அங்கங்க காஞ்ச புதர், போதும். ரெண்டாவது சீக்கியப் போர்ல வர்ற 1849 ஜனவரி 13 சிலியன்வாலாவுக்கு மட்டும் புதரை அடர்த்தியா வைங்க, அந்தக் காட்டுக்குள்ள பிரிட்டிஷ் வரிசை கலைஞ்சதுதான் அன்னிக்குக் கதையே, பிரிட்டிஷ் 24வது ரெஜிமென்ட் அங்கதான் நொறுங்கிப் போச்சு.

குதிரைப்படைல கோர்சர்ராக்கள் பெயின்டருக்கு விருந்து, சங்கிலிக் கவசம், மஞ்சள் பட்டு, நாலு குமிழ் வெச்ச கேடயம், ஒரு ஆள் மாதிரி இன்னொரு ஆள் இருக்கவே கூடாது. ஒட்டகம் மேல சுழல் துப்பாக்கி வெச்ச ஜம்பூராக் ஒண்ணு ரெண்டு போதும்.

என்கிட்ட இருக்கிறதுலயே நான் ரொம்ப மதிக்கிற சிலை சீக்கியத் தளபதி ஷாம் சிங் அட்டாரிவாலா. 1846 பிப்ரவரி 10 சோப்ராவ்ல வெள்ளை உடை, வெள்ளைக் குதிரை, வெள்ளைத் தாடியோட இறங்கி, ஆத்துப் பாலம் உடைஞ்ச அந்த நாள்ல திரும்பாம நின்னு உயிரை விட்டவர். ஒரு கிழ கோர்சர்ரா சிலையோட கவசத்தை அரத்தால தேச்சு, மேல எம்-சீல்ல அங்கி மடிப்பு வெச்சு செஞ்சது. வெள்ளை மேல வெள்ளைன்னா பிரிச்சுக் காட்டணும், உடைக்கு நீலம் கலந்த சாம்பல்ல நிழல், குதிரைக்கு மஞ்சள் கலந்த க்ரீம்ல நிழல், தாடிக்கு சாம்பல் மேல சுத்த வெள்ளை ரேகை, மூணும் தனித்தனியா நிக்குது.

விளையாட்டுல எந்த ரூல்ஸ் எடுத்தாலும் ஒரே விஷயத்தைச் சரி பண்ணுங்க. சிப்பாய்க்கும் பீரங்கிக்கும் நல்ல மார்க், முதல் போர்ல படைத் தலைமைல இருந்த தேஜ் சிங், லால் சிங்குக்குக் கம்மி மார்க். அவங்க ரெண்டு பேரும் படைக்குத் துரோகம் பண்ணினாங்கன்னு பஞ்சாப்ல இன்னிக்கும் சொல்லுவாங்க. அலிவால் சண்டை மாதிரி ஆட்டத்துல பிரிட்டிஷ் ஈட்டிக் குதிரைப்படையான 16வது லான்சர்ஸ் நம்ம காலாட்படை சதுர அணிவகுப்பை உடைச்சிட்டு உள்ள வரும், வரட்டும், பக்கத்துல நிரப்பி வெச்ச பீரங்கி இருந்தா ஆட்டம் முடியல. புதுசா ஆரம்பிக்கிறவங்க ரெண்டு பீரங்கி, ஒரு ரெகுலர் பட்டாலியன், கைப்பிடி கோர்சர்ரா, இதை முழுசா பெயின்ட் பண்ணி முடிங்க, அப்புறம் அகாலிங்கள வாங்குங்க. மேஜை சின்னதுன்னா, இல்ல சோப்ராவ் முழுசையும் ஆடணும்னா 28 எம்எம் சரிப்படாது, 15 எம்எம் பக்கம் போயிடுங்க, தலைப்பாகை மடிப்பு அதுல அவ்வளவா தெரியாது, ஆனா பீரங்கி வரிசை மேஜை முழுக்க நிக்கும்.