டாக்டர் கையில் கணினியா, நர்ஸ் கையில் ஸ்கேனரா?

ஒரு மருத்துவமனையிடம் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் தாளில் எழுதுவதை விட்டு மருந்தைக் கணினியில் பதியும் முறையை வாங்குவதா? நர்ஸ் மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்யும் முறையை வாங்குவதா? விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காட்டுவார்கள். ஆனால் இரண்டும் பிடிப்பது வேறு வேறு தவறுகளை.

கணினிப் பதிவில் முதல் லாபம், கிறுக்கல் கையெழுத்து ஒழிவது. (மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேபிடல் எழுத்தில் எழுதச் சொல்லி இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டது. பலன் என்ன என்று வீட்டிலிருக்கும் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.) ஒவ்வாமை, டோஸ் எல்லாவற்றையும் அதுவே எச்சரிக்கும். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது: யார் கண்ணிலும் படாமல் தப்பும் கடுமையான மருந்துப் பிழைகள் 55% குறைந்தன.

சரி, முடிந்ததா? இல்லை. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் கணக்கு 2005-ல் வந்தது. வேறு இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளில் இறப்பு 2.80% ஆக இருந்தது. கணினிப் பதிவு வந்த பிறகு 6.57%. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வரும்போதே மருந்து எழுதித் தயாராக வைப்பார்கள். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும் வரை கணினி எதையும் ஏற்கவில்லை. சியாட்டிலின் குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைப் போட்டபோது இறப்பு கூடவில்லை. ஆக, குற்றம் மென்பொருளில் மட்டும் இல்லை, அதைப் புகுத்திய விதத்தில் இருந்தது.

ஸ்கேனரின் கதை கார் நிறுத்துமிடத்தில் தொடங்குகிறது. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் பார்கோடை ஸ்கேன் செய்ததைப் பார்த்தார் சூ கின்னிக். கான்சாஸ் மாநிலம் டொபீகாவில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் நர்ஸ் அவர். காருக்குச் செய்வதை நோயாளிக்கு ஏன் செய்யக்கூடாது என்று 1992-ல் அவர் கேட்ட கேள்விதான் இன்று கைப்பட்டையாக நிற்கிறது.

என் ஓட்டு ஸ்கேனருக்குத்தான். 1995-ல் பாஸ்டனில் வந்த ஆய்வு ஒன்று காரணம் சொல்கிறது: மருந்து எழுதும்போது நேரும் பிழைகளில் 48% நோயாளியை எட்டுமுன் பிடிபட்டன, கொடுக்கும்போது நேர்ந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் தப்பாக எழுதினால் மருந்தாளுநர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். நர்ஸ் பக்கத்துக் கட்டில்காரரின் ஊசியைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யார் இருக்கிறார்கள்? பிரிகாமில் ஸ்கேனர் வந்ததும், நேரம் தவறுவதைத் தவிர்த்த மற்ற பிழைகள் 11.5%-லிருந்து 6.8%-க்கு இறங்கின.

ஸ்கேனரையும் ஏமாற்றலாம். 2008-ல் 5 அமெரிக்க மருத்துவமனைகளைக் கவனித்தவர்கள் 15 வகைக் குறுக்குவழிகளை எண்ணினார்கள். நோயாளியின் பார்கோடை நகலெடுத்துத் தள்ளுவண்டியிலோ கதவு நிலையிலோ ஒட்டிவைத்து அங்கேயே ஸ்கேன் செய்வது அதில் ஒன்று. இரக்கமில்லாத வேலை அல்ல அது. பேட்டரி தீர்ந்துபோகும், வைஃபை எட்டாது, கைப்பட்டை நனைந்து கிழிந்திருக்கும். எட்டு மணி மருந்தோ எட்டு மணிக்கே கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று: ஸ்கேனர் எதோடு ஒப்பிடும்? மருந்துப் பட்டியல் கணினியில் இருந்தாக வேண்டும். ஆனால் அதை டாக்டரே ஏற்ற வேண்டியதில்லை, மருந்தாளுநர் ஏற்றினாலும் போதும். அதனால்தான் ஸ்கேனர் முதலில் என்கிறேன்.

நம் ஊரில் சிக்கல் வேறிடத்தில். 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். நல்லதுதான். ஆனால் வார்டில் சிஸ்டர் கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டி ஒரு சின்னக் கப்பில் போடுகிறார். கோடு மிச்ச ஸ்ட்ரிப்போடு மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனிக் கவரில் போட்டு பார்கோடு ஒட்ட மருந்தகத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை ஸ்கேனர் விற்பவரின் விலைப்பட்டியலில் தேடினால் கிடைக்காது.