புழுதிக்கும் மாரிக்கும் நடுவே பஞ்சுப் பொம்மைகள்: எங்கள் வீட்டு அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் கிரவல் பாதையோரமாக வீடு இருந்தால், வெள்ளைக் கரடிப் பொம்மையை வெள்ளையாகவே வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சோளகம் அடிக்கத் தொடங்கியதும் செம்புழுதி யன்னல் இடுக்கால் வந்து படியும். மாரி பிடித்துவிட்டால் கழுவியது எதுவும் காயாது. மூத்தவள் தவழ்ந்த காலத்திலிருந்து சின்னவன் பள்ளிக்கூடம் போகும் இந்நாள் வரை எங்கள் வீட்டுப் பொம்மைகளைக் கழுவுவதும் தைப்பதும் நான்தான். எது சரிவந்தது, எது வரவில்லை என்பதை எழுதுகிறேன்.

தண்ணீரில் போடும் முன் பொம்மையின் வயிற்றை நன்றாக அமத்திப் பாருங்கள். அமத்தியதும் பொங்கி எழுந்தால் அநேகமாக உள்ளே பொலியெஸ்டர் பஞ்சு, பயமில்லாமல் கழுவலாம். கடினமாக ஏதும் தட்டுப்பட்டால் அது பாட்டுப் பாடும் பெட்டியாகவோ பட்டரியாகவோ இருக்கும். முதுகுத் தையலைப் பிரித்து அதை எடுத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். அம்மம்மாமார் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுப் பொம்மைகளை முழுதாக நனைக்கவே கூடாது. பஞ்சு கட்டிபட்டுவிடும். பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் காயவிட்டு, துணியை மட்டும் தோய்த்துத் திரும்ப அடையுங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. இந்தத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டி போட்டுத் தேய்த்தால், அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவு ஒன்று உண்டாகி மயிரிலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பொம்மை தும்புத்தடி மாதிரி விறைத்து நிற்பதற்கு அதுதான் காரணம். அதனால் நான் பாவிப்பது பிள்ளைகளின் ஷாம்பூ அல்லது திரவச் சலவை டிட்டர்ஜென்ட், அதுவும் கொஞ்சமாக. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பொம்மையை மெல்ல அமத்தி அமத்தி விடுவேன். கறை உள்ள இடத்துக்குப் பழைய பல்துலக்கி போதும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி தண்ணீரில் மூன்று நாலு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் மயிர் மிருதுவாக வரும். வாசம் காய்ந்ததும் போய்விடும்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னா: "பிள்ளை, முறுக்கிப் பிழியாதை, துவாயில சுத்தி ஏறி மிதி." சிரிப்பு வந்தாலும், செய்து பார்த்தால் அவ சொன்னது முழுக்க உண்மை. முறுக்கினால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கும், தையல் விடும். துவாயில் சுற்றி மிதித்தால் தண்ணீர் மட்டும் இறங்கும். வொஷிங் மெசின் உள்ளவர்கள் பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மெதுவான சுற்றில் விடலாம். கழுவுவதைவிட அதன் 'ஸ்பின்'தான் எனக்குப் பெரிய உதவி.

இனிக் காயவைப்பது. என்னைக் கேட்டால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. மேல்மயிர் ஒரு மத்தியானத்தில் காய்ந்துவிடும். நடுவயிறு காய இரண்டு நாளும் பிடிக்கும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து மணக்கும், பிறகு எத்தனை தரம் கழுவினாலும் அந்த மணம் முழுதாகப் போகாது. காதில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடாதீர்கள், பாரத்தில் கழுத்து இழுபடும். பின்னல் கதிரையில் கிடத்தினால் கீழாலும் காற்றுப் போகும். மணிக்கு ஒருக்கால் புரட்டி, அரை ஈரத்தில் சீப்பால் வாரிவிடுங்கள். தடித்த இடத்தை அமத்திக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரத்துக்குச் சூடான ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடித்தால் செயற்கை மயிர் உருகிச் சுருளும்.

ஆகவே எங்கள் வீட்டில் பெரிய கழுவல் ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன். மாரியில் தண்ணீரே தொடுவதில்லை. ஒரு பையில் பொம்மையையும் இரண்டு கைப்பிடி அப்பச்சோடாவையும் போட்டுக் குலுக்கி, அரை மணித்தியாலம் வைத்துவிட்டு வெளியே தட்டித் தூரிகையால் துடைப்பேன். மணமும் மேல் அழுக்கும் போகும்; பழைய கறை போகாது.

முட்டு (ஆஸ்துமா) இழுக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. தூசிப் பூச்சி சாவதற்கு 60 பாகை வெந்நீர் வேண்டும், அதை எல்லாப் பொம்மையும் தாங்காது. பையில் கட்டி பிரிட்ஜின் உறைபெட்டிக்குள் ஒரு இரவும் பகலும் வைத்தாலும் சாகும், ஆனால் முட்டு இழுப்பைக் கிளப்பும் பூச்சியின் எச்சம் பொம்மையிலேயே கிடக்கும். பிறகு கழுவினால்தான் பிரயோசனம்.

2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும். அப்படி வெள்ளத்தில் ஊறிய பஞ்சுப் பொம்மையைப் பிள்ளை அழுதாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். மலசலகூடத் தண்ணீரும் கலந்து பஞ்சுக்குள் போயிருக்கும், வீட்டில் அதைச் சுத்தமாக்க முடியாது.

காய்ந்தவற்றைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் தலையணை உறையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். எடுத்து வைக்கும் முன் பிளாஸ்ரிக் கண்களை இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், ஆடும் கண்ணைக் கழற்றிவிட்டுத் தடித்த கறுப்பு நூலால் கண் தைத்து, முடிச்சைத் துணிக்கு உட்பக்கமாகப் போட்டுவிடுங்கள்.