மைதாவுக்குக் கப்பா, கிராமா?

டிசம்பர் நெருங்கினால் பெரம்பூர், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் கேக் பேச்சு கிளம்பிவிடும். "பழம் ஊறப் போட்டாச்சா?" என்பதற்கு அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்: "ஒரு கப் மைதான்னா எத்தனை கிராம்?" ஒருவர் 120 என்பார், இன்னொருவர் 125, மூன்றாமவர் 140. யார் சொல்வதும் தப்பில்லை. அமெரிக்க விவசாயத் துறையின் உணவு அட்டவணை 125 என்கிறது. அங்கே பெயர் பெற்ற கிங் ஆர்தர் மாவு நிறுவனம் தன் குறிப்புகளுக்கு 120 வைத்திருக்கிறது. 140-க்கு மேல் கணக்கு வைப்பவர்களும் உண்டு. மாவும் ஒன்று, கப்பும் ஒன்று. கப்புக்குள் மாவு போன விதம்தான் வேறு.

கப்பை டின்னுக்குள் விட்டு அழுத்தி அள்ளி, டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, கத்தி முதுகால் தலைதட்டிப் பாருங்கள். 240 மில்லி கப்பில் 145, 150 கிராம் உட்கார்ந்துவிடும். அதே மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு, குலுக்காமல் தலைதட்டினால் 120. சலித்த மாவைப் போட்டால் 115 பக்கம் இறங்கும். நம் ஊரில் வண்டு பயத்தில் மைதாவைச் சலிக்காமல் எடுக்கும் வீடு குறைவு. சலித்துவிட்டு அளப்பவரும் அளந்துவிட்டுச் சலிப்பவரும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு வேறு கேக் சுடுகிறார்கள். போதாததற்கு, மளிகைக் கடையில் மூட்டையின் அடியிலிருந்து அள்ளித் தரும் மைதா இறுகிப்போய்க் கிடக்கும்.

இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் இந்த வித்தியாசம் 240-க்கும் 300-க்கும் இடையே 60 கிராம். கால் பங்கு மாவு கூடுதல். மேலே மலைபோல் எழும்பி நடுவில் வெடித்து, மறுநாளே தொண்டையை அடைக்கும் கேக் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். பழி மட்டும் ஓவன் மேலும் பேக்கிங் பவுடர் மேலும் போகும்.

கப்பிலும் ஒற்றுமை கிடையாது. அமெரிக்கக் கப் 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200. நம் வீடுகளில் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிதான். அதை எடுத்து அமெரிக்கக் குறிப்புக்கு அளக்கும் வீடுகள் நிறைய. எல்லாவற்றையும் அதே கப்பில் அளந்தால் விகிதம் தப்பாதே என்று கேட்கலாம். மாவுக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தப்பாதுதான். முட்டை கப்புக்குத் தகுந்தபடி சின்னதாகிவிடாதே!

இட்லி மாவுக்கு மட்டும் டம்ளர் அளவு ஏன் ஏமாற்றுவதில்லை? நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. அரிசியையும் உளுந்தையும் எப்படி அள்ளினாலும் பெரிதாக இறுகாது. ஆட்டும்போது தண்ணீரைக் கை பார்த்துவிடும், மறுநாள் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் கரைத்துக்கொள்ளலாம். ஆழாக்கும் உழக்கும் படியும் தலைமுறை தலைமுறையாக நின்றது தானியத்துக்கு. மாவின் குணம் வேறு. அதிலும் கேக் மாவை டின்னில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளியபின் திருத்த வழியே இல்லை. மைதாவைப் பிறகு சேர்த்துக் கலக்கினாலும் பசைத்தன்மை ஏறி ரப்பர் போலாகும்.

அதனால் மைதாவுக்குக் கிராம்தான் என்பது என் தீர்மானம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. பாலும் எண்ணெயும் தண்ணீரும் கப்பிலேயே சரியாக வரும். சர்க்கரையும் அதிகம் படுத்தாது. 240 மில்லி கப்பில் 200 கிராம் சுற்றியே நிற்கும். மைதாவோடு சேர்ந்து தொல்லை கொடுப்பவை கோகோவும் பொடித்த சர்க்கரையும். பட்டர் நமக்குக் கிராம் போட்ட பாக்கெட்டிலேயே வருகிறது. அதைக் கப்பில் திணித்து அளப்பது வீண் வேலை. அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் பட்டர் என்றால் 227 கிராம், ஒரு ஸ்டிக் என்றால் 113.

சரி, கப்பில் எழுதிய குறிப்பைக் கிராமுக்கு எப்படி மாற்றுவது? இணையத்தில் கிடைக்கும் அட்டவணையைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அமெரிக்கக் குறிப்புக்கு அது ஓரளவு சரி. எழுதியவர் மாவை எப்படி அள்ளுவார் என்று சொல்லியிருந்தால் அதன்படி போங்கள், சொல்லவில்லை என்றால் 125 வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் குறிப்புக்கு எந்த அட்டவணையும் உதவாது.

பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் கேக் குறிப்பு கேட்டபோது நடந்ததைச் சொல்கிறேன்.

"எந்தக் கப் ஆன்ட்டி?"

"கப்பெல்லாம் யாரும்மா பார்த்தா? இந்த டம்ளர்தான், எங்க மம்மி காலத்துலேர்ந்து."

விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் நிரப்பி நிறுத்தால் 200 கிராம், ஆக 200 மில்லி. அட்டவணைப்படி அதில் 104 கிராம் மைதா இருக்க வேண்டும். டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, "நீங்க எப்பவும் போடுற மாதிரியே போடுங்க ஆன்ட்டி" என்றேன். அள்ளினார், கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார், மேலே இன்னும் கொஞ்சம் கோபுரமாக வைத்தார். 142. மூன்று டம்ளருக்கு 114 கிராம் வித்தியாசம், அதாவது அட்டவணைக் கணக்கில் ஒரு டம்ளருக்கும் மேல். அவர் கேக் அத்தனை வருடமும் நன்றாக வந்ததற்கு அந்தக் கைப்பழக்கம்தான் காரணம். வீட்டில் இப்படி ஒரு குறிப்பு இருந்தால், அதைச் செய்பவர் இருக்கும்போதே அவர் கையால் போடவைத்து நிறுத்து, அந்தத் தாளிலேயே கிராமை எழுதி வையுங்கள்.

அட்டவணையே வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. முட்டைகளை ஓட்டோடு நிறுத்து, அதே எடைக்குப் பட்டர், சர்க்கரை, மைதா. ஆங்கிலேயர்களின் ஸ்பாஞ்ச் கேக் கணக்கு இது. நம்மூருக்கு ரொம்பப் பொருத்தம். அமெரிக்கக் குறிப்பு சொல்லும் பெரிய முட்டை ஓட்டோடு 57 கிராம் அளவில் இருக்கும். நம் கடை முட்டை பல நேரம் அதைவிடச் சிறிது, நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறிது. முட்டை சின்னதானால் மாவும் தானே குறையும். சாதாரண பட்டர் கேக்குக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியாது. பழமும் முந்திரியும் நிறையப் போடும் கேக்குக்கு மட்டும் இது போதாது, பழத்தைத் தாங்க மாவு கூடுதலாக வேண்டும்.

பன், பிரெட் விஷயத்தில் நான் கப்பிடம் கொஞ்சம் இளகுவேன். கணக்கு என்னவோ பயமுறுத்தும்: நாலு கப் மைதாவுக்கு 325 மில்லி தண்ணீர் என்றால், 120 கிராம் கப்பில் மாவில் 68 சதவீதம் தண்ணீர், 150 கிராம் கப்பில் வெறும் 54. முதலாவது மெத்தென்ற பன், இரண்டாவது கல். ஆனாலும் பிசையும்போது கை உடனே சொல்லிவிடும், தண்ணீர் தெளித்துச் சரிசெய்துகொள்ளலாம். அதே பன்னை அடுத்த வாரமும் அப்படியே எடுக்க வேண்டும், ஆர்டருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் தராசு இல்லாமல் முடியாது. மாவை 100 என்று வைத்து மற்றதையெல்லாம் சதவீதமாக எழுதுவது பேக்கரிக்காரர்களின் கணக்கு. கப்பில் அளப்பவருக்கு அது கைகொடுக்காது.

கடற்கரை ஓரத்தில் இருக்கிறோமே, காற்றின் ஈரத்தை மாவு இழுத்து எடை ஏறாதா என்று காசிமேட்டுத் தோழி ஒருத்தி கேட்டாள். ஏறும்தான், ஆனால் அள்ளும் விதத்தால் வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அது சொற்பம். காற்றுப் புகாத டப்பா போதும்.

சமையலறை டிஜிட்டல் தராசு நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கியதும் பிரிக்காத அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். பால் தண்ணீரைவிடச் சற்று கனம் என்பதால் 515 கிராமும் கவரின் எடையும் சேர்ந்து காட்ட வேண்டும். 490 காட்டினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். மாவு போட்டுக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்துவிடும் ரகமும் வேண்டாம்.

தராசு தோற்கும் இடமும் உண்டு. ஒவ்வொரு கிராமாக நகரும் தராசில் ஈஸ்ட், சோடா உப்பு, பேக்கிங் பவுடரை நிறுக்காதீர்கள். ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்டே மூன்று கிராம் சுமார்தான், அதில் ஒரு கிராம் பிசகினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அவற்றுக்கு 5 மில்லி டீஸ்பூன், தலைதட்டி. ஆஸ்திரேலியக் குறிப்பாக இருந்தால் டேபிள்ஸ்பூனை மட்டும் கவனியுங்கள். மற்ற இடங்களில் 15 மில்லி, அவர்களுக்கு 20.