"டப்பாவுக்குள்ள குண்டு வெடிச்சாலும் வெளிய கேக்காதுக்கா"

வீட்டுக் கம்ப்யூட்டரில் "வி.எம். போட்டுத் தர்றோம், எதை வேணாலும் பயமில்லாம டவுன்லோடு பண்ணலாம்" என்று யாராவது சொன்னால், காசை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வி.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள் ஓடும் தனிக் கம்ப்யூட்டர். பதிவு கொஞ்சம் நீளம்தான். எனக்குப் போனது பதினோரு வருஷ உழைப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் வீட்டிலிருந்தபடியே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொருவர் கொண்டுவரும் கோப்பும் ஒவ்வொரு எழுத்துருவில் இருக்கும். ஒருவர் பாமினி, ஒருவர் வானவில், இன்னொருவர் பெயரே தெரியாத ஏதோ ஒன்று. அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற, ஊர் பேர் தெரியாத தளங்களிலிருந்து கன்வெர்ட்டர்களை இறக்கியாக வேண்டும். ஒருமுறை அப்படி இறக்கியதில் பிரவுசர் முழுக்க விளம்பரமாகக் கொட்டியது. சரிசெய்யப் போன கடையில்தான் இந்த யோசனையைச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர், சந்தேகமானதை எல்லாம் அதற்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று. கடைப் பையன் சொன்னதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

யோசனை தப்பில்லை, இப்போதும் சொல்கிறேன். ஒழுங்காக அமைத்த விர்ச்சுவல் மெஷின் நல்ல காப்பு. எனக்கு அமைத்துக் கொடுத்தது அப்படி இல்லை.

"லைசென்ஸ் சேர்த்து" என்று 3,500 ரூபாய் வாங்கினார்கள். அவர்கள் போட்டது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வி.எம். மென்பொருள். அது இலவசம். ஆரக்கிள் நிறுவனத்தின் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே போட்ட விண்டோஸ் 10க்காவது லைசென்ஸ் இருந்ததா என்றால், அதையும் கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் திருட்டுப் புரோகிராம்) வைத்துத்தான் ஆக்டிவேட் செய்திருக்கிறார்கள். கிராக்குக்குப் பயந்து கட்டிய அறைக்கு அஸ்திவாரமே கிராக். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா கூட ஆகும்க்கா, எதுக்கு?" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். என் கையில் இருப்பது ஜிபே ரசீது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து பொருத்திவிட்டுப் போகும்போது பையன் ஒரு வசதியைப் பெருமையாகக் காட்டினான். டப்பாவுக்குள்ளே இருக்கும் விண்டோஸில் இசட் என்று ஒரு டிரைவ். அதைத் திறந்தால் என் டி டிரைவ் முழுதும் அப்படியே தெரிந்தது. "உள்ள கன்வெர்ட் பண்ணி நேரா இங்கேயே சேவ் பண்ணிக்கலாம்க்கா, பென்டிரைவ்லாம் வேண்டாம்." எனக்கும் சந்தோஷம். சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே கதவே இல்லாத வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பதிப்பகத்துக்காரர் ஒருவர் கொடுத்த பழைய கோப்புக்குக் கன்வெர்ட்டர் தேடினேன். ஜிப் கோப்பாகக் கிடைத்தது. கடவுச்சொல் போட்டிருந்தார்கள், கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் கடவுச்சொல் 1234 என்று எழுதியும் வைத்திருந்தார்கள். பூட்டைப் போட்டுச் சாவியைப் பக்கத்திலேயே வைப்பது எதற்கென்றால், ஆன்டிவைரஸ் ஜிப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு. இன்றைக்கு விளக்குகிறேன், அன்றைக்கு 1234 அடித்துத் திறந்தேன். வி.எம்.முக்குள்தானே, என்ன ஆகிவிடும்?

கன்வெர்ட்டர் எதுவும் திறக்கவில்லை. விண்டோஸ் அப்டேட் மாதிரி ஒரு சின்னப் பெட்டி வந்து சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. குக்கர் விசில் வந்ததும் எழுந்து போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்து வந்து, வி.எம்.மைச் சின்னதாக்கிவிட்டு, வெளியே என் சொந்த டி டிரைவைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பின் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. பேஜ்மேக்கர் கோப்பு, வேர்டு கோப்பு, படம், எல்லாவற்றிலும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம். கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி, 490. நம் காசுக்கு அந்தப் பாதியே 40,000 ரூபாய்க்கு மேல்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. டி டிரைவிலேயே, 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில்.

இவ்வளவுக்கும் வெளியே இருந்த ஆன்டிவைரஸ் மூச்சுவிடவில்லை. ஏன் என்று தங்கை மகன் வந்து செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். ஷேர்டு ஃபோல்டர் (வி.எம்.முக்கும் வெளிக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஃபோல்டர்) பகுதியில் முழு டி டிரைவ், 'ஃபுல்' அனுமதியோடு, தானாகவே டிரைவாக வந்து நிற்கும் 'ஆட்டோ மவுண்ட்' டிக் போட்டு. வைரஸ் ஓடியது உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால், விர்ச்சுவல்பாக்ஸ் என்கிற நல்ல பிள்ளை தனக்கு அனுமதி உள்ள ஃபோல்டரில் ஏதோ எழுதுகிறது, அவ்வளவுதான். 2020 மே மாதத்தில் சோஃபோஸ் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு ஆய்வை அவன் சொன்னான். ராக்னர் லாக்கர் என்ற கும்பல், தாக்கும் கம்ப்யூட்டரில் தானே ஒரு பழைய விர்ச்சுவல்பாக்ஸையும் சின்ன விண்டோஸ் எக்ஸ்பி ஒன்றையும் நிறுவி, டிரைவ்களை ஷேர்டு ஃபோல்டராகக் கொடுத்து, உள்ளிருந்தபடி வெளியே இருக்கும் கோப்புகளைப் பூட்டியிருக்கிறது. 49 கேபி வைரஸை ஓட்ட ஒரு முழு வி.எம். திருடன் மெனக்கெட்டுச் செய்ததை, எனக்கு 3,500 வாங்கிக்கொண்டு செய்து தந்திருக்கிறார்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். அதுவரை 'அக்கா', அன்றைக்கு 'மேடம்'. "என்ன சைட்டுக்குப் போனீங்க மேடம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார் முதலாளி. கேட்ட தொனி வேறு மாதிரி. எதைத் திறந்தாலும் வெளியே வராது என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, 12,000 ஆகும், பாதி அட்வான்ஸ், "ரெக்கவரி" பண்ணிவிடலாம் என்றார். கொடுக்கத்தான் இருந்தேன்.

தடுத்தது தங்கை மகன். கடிதத்தின் அடியில் இருக்கும் அடையாள எண்ணைப் பார்க்கச் சொன்னான். என் கோப்புகளைப் பூட்டியது 'ஸ்டாப்' என்ற வகை வைரஸ். அது தன் சர்வரோடு பேச முடிந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி வாங்கும். பேச முடியாவிட்டால், கையில் இருக்கும் பொதுச் சாவியைப் போட்டுவிடும். அப்போது எண் 'டி1' என்று முடியும். அந்தப் பொதுச் சாவி எப்போதாவது கிடைத்தால் எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தரும் இலவசக் கருவியில் திறக்க வாய்ப்புண்டு. என் எண் அப்படி முடியவில்லை. வி.எம்.முக்கு நெட் கொடுத்து வைத்திருந்ததே, அதனால். செட்டிங்ஸில் 'கேபிள் கனெக்டட்' என்ற ஒரு டிக்கை எடுத்திருந்தால் அந்த நூலிழை நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும். இனி அந்தப் பூட்டைக் கடைக்காரரால் உடைக்க முடியாது. 12,000 ரூபாய்க்குத் திருடனிடம் சாவி வாங்கவும் முடியாது. பிறகு எதற்கு அட்வான்ஸ்?

கொஞ்சம் மீண்டது. இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது, சீக்கிரம் முடிக்க வேண்டுமே. மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோக்களை, அதே கேமராவில் எடுத்த வேறு நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து மீட்டுக் கொடுத்தான். பத்திரிகைகளும் கட்டுரைகளும் சின்னக் கோப்புகள். மொத்தமும் அந்த 150க்குள் போய்விட்டது. வீட்டில் இருந்த இன்னொரு லேப்டாப் அதே வைஃபையில், கடவுச்சொல் இல்லாத ஷேரிங்கோடுதான் கிடந்தது. அன்றைக்கு அணைத்து வைத்திருந்ததால் தப்பியது. வி.எம்.மின் நெட்வொர்க் செட்டிங்கில் 'நாட்' (வெளிக் கம்ப்யூட்டர் வழியாக நெட் வாங்கும் முறை) என்று போட்டிருந்தால் வீட்டு நெட்வொர்க்குக்குப் போகாது என்று நினைக்காதீர்கள், போகும்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு இன்றும் உறுத்தல். அதற்கு முன் இரண்டு கன்வெர்ட்டர்களை உள்ளே ஓட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி, வெளியேயும் நிறுவியிருந்தேன். வி.எம்.முக்குள் இருக்கிறோமா என்று மோப்பம் பிடிக்கும் வைரஸ்கள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் தரும் நெட்வொர்க் கார்டின் முகவரி வழக்கமாக 08:00:27 என்று தொடங்கும், மெமரி குறைவாக இருக்கும், மவுஸ் அசையாது. இதையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே சாதுவாக இருந்து, வெளியே வந்ததும் வேலையைக் காட்டும். அதனால் வெளி விண்டோஸையும் அழித்துப் புதிதாகப் போட்டோம். பேங்க், மெயில் கடவுச்சொற்களை எல்லாம் ஃபோனிலிருந்து மாற்றினேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அழைத்தேன், சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது போட்டுத் தந்திருந்தால், இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். ஷேர்டு ஃபோல்டரில் எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே கோப்பு அனுப்ப வேண்டுமென்றால் தனியாக ஒரு ஃபோல்டர், 'ரீட் ஒன்லி' டிக்கோடு. க்ளிப்போர்டு, டிராக் அண்ட் டிராப் இரண்டும் 'டிசேபிள்டு'. ஓட்டுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (வி.எம்.மின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்து வைப்பது), முடிந்ததும் அதற்கே திரும்பிவிட வேண்டும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. விர்ச்சுவல்பாக்ஸையும் அப்டேட் செய்யுங்கள். 2018 நவம்பரில், உள்ளிருந்து சுவரையே துளைத்து வெளியே வரும் ஓட்டை ஒன்று அதன் நெட்வொர்க் கார்டு பகுதியில் இருந்ததை ஒருவர் அம்பலப்படுத்தினார். பழைய பதிப்பு அப்படிப்பட்ட ஓட்டைகளோடுதான் இருக்கும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த அலைச்சலே குறைவு. 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' அதிலேயே உண்டு, மூடினால் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும். அதிலும் நெட்டும் க்ளிப்போர்டும் திறந்துதான் இருக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள். என்னுடையது ஹோம், அதில் கிடையாது.

பேக்கப்புக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியாயிற்று. காப்பி எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுகிறேன். பதிப்பகத்துக்காரர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பழைய ப்ரூஃப் கட்டு அவரிடம் இருக்கிறதாம், திங்கட்கிழமை கொண்டுவருகிறார். 212 பக்கம். முதலிலிருந்து அடிக்க வேண்டும்.