சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: தொடர்ந்து போய்வரும் ஒருவரின் அனுபவம்

மனைவிக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் என்பதால் இந்த வழி எங்களுக்குப் பழகிப்போனது. புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், எவ்வளவு நேரம் ஆகும்?

யாழ்ப்பாண விமான நிலையம் இருப்பது பலாலியில். சென்னையிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் தெற்கு. மதுரை இதைவிடத் தூரம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கோ ஏறக்குறைய 645 கிலோமீட்டர். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் பலாலிக்கும் கொழும்புக்கும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில்தான் போட்டிருக்கும். காரணம் விமானம்தான். கொழும்புக்குப் போவது ஜெட், மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72, இறக்கையில் விசிறி சுற்றும் வகை, 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். அதோடு டிக்கெட்டில் உள்ள நேரம் காற்றில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல, சென்னையில் நிறுத்தத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருந்து, பலாலியில் இறங்கி நிற்கும்வரை எல்லாம் சேர்த்துத்தான்.

அதனால் பறக்கும் நேரத்தை விடுங்கள், வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுங்கள். இந்த விமானம் தொடங்கிய 2019 நவம்பருக்கு முன்பு நாங்கள் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்து வவுனியா, கிளிநொச்சி தாண்டி ஏழெட்டு மணி நேரம் போவோம். குழந்தையோடு போனால் மறுநாள் முழுக்கத் தூக்கம்தான். இப்போது காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு மாமி கையால். பலாலியிலிருந்து சுன்னாகத்துக்கு ஆட்டோவில் அரை மணி கூட ஆகாது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது, அதுவரை மறுபடி அந்தப் பழைய பாடுதான். போருக்கு முன்பு பலாலியிலிருந்து மெட்ராசுக்கு விமானம் ஓடியதை மாமா இன்றும் சொல்வார். இவ்வளவு பக்கத்து ஊருக்கு இத்தனை வருஷம் சுற்றிப் போனோமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் கட்டணம் அதிகம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், பறப்பதை விடக் காத்திருப்பதுதான் கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் சின்ன விமானம் நன்றாகவே குலுங்கும், ரத்தானால் அடுத்த விமானத்துக்கு மறுநாள்வரை காத்திருக்க நேரலாம். அந்த மாதங்களில் கல்யாணம், சடங்கு என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்கு வர வேண்டியதே இல்லை. 2025 மார்ச்சிலிருந்து திருச்சி – பலாலி விமானம் வந்துவிட்டது, தூரம் வெறும் 185 கிலோமீட்டர் அளவுதான். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கப்பலும் உண்டு, நான்கு மணி நேரம் போல ஆகும், கடல் கொந்தளித்தால் ஓடாது.

இருக்கை எடுக்கும்போது இரண்டு விஷயம். போகும்போது வலப்பக்க ஜன்னல் எடுங்கள், இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே மறைக்காது, மேகம் இல்லாவிட்டால் கரையோரம் தெரியும். அப்புறம், ஏடிஆரில் ஏறி இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது. கடைசி வரிசைக்காரர் முதலில் இறங்குவார், இமிகிரேஷன் வரிசையிலும் அவர்தான் முதல்.