மாமல்லபுரத்துக்கு அரை நாள் போதும்

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பல் வைத்தியர், வங்கி, தி. நகர், சொந்தக்காரர் வீட்டு விருந்துகள் எல்லாம் போக ஒரு நாள் மிஞ்சினால் அதிகம். அந்த நாளை மாமல்லபுரத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் சென்னையிலேயே இருப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்ததுதானே? பாறையும் வெயிலும்தான்" என்றார் பெரியப்பா. பெரியம்மாவின் யோசனை வேறு: "அவ்வளவு தூரம் போகிறாய், அப்படியே காஞ்சிபுரத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடு."

இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. மாமல்லபுரம் மட்டும் போனோம். விடியுமுன் மயிலாப்பூரில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம். அப்படி மாமல்லபுரம் மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். காஞ்சிபுரத்தை ஒட்டவைக்கும் ஒருநாள் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். காஞ்சியின் பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். மாமல்லபுரத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போனால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன்தான் அங்கே கைலாசநாதர் கோயிலையும் எழுப்பியவன். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதே மரியாதை.

எரிச்சல் வந்தது வாடகைக் காரில். தொலைபேசியில் சொன்ன விலை 10 மணி நேரம், 100 கிலோமீட்டருக்கானது. மயிலாப்பூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் சுமார் 55 கிலோமீட்டர். போய் வந்தாலே கணக்கு தாண்டிவிடும். போதாக்குறைக்கு, கிலோமீட்டரை எண்ணுவது நம் வாசலிலிருந்து அல்ல, அவர்கள் ஷெட்டிலிருந்து ஷெட் வரை. சுங்கம், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா எல்லாம் தனி. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். ஓட்டுநர் தங்கமான மனிதர். ஆனால் கேட்காமலே ஒரு பெரிய சிற்பக் கடையின் முன் வண்டி நின்றது. "வாங்க வேண்டாம் சார், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். அவருக்கு மேலிடத்து உத்தரவு. ஊருக்குள் தெருவோரப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்கிறது. கல் வேலை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. (கருங்கல் பிள்ளையார் மேல் ஆசைப்படுகிறவர்கள் விமானத்தில் 23 கிலோதான் என்பதை நினைவில் வைக்கவும்.)

டிக்கெட் விஷயம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தொல்லியல் துறையின் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவர்களுக்கு 600 ரூபாய். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களுக்கு இந்தியர்களின் கட்டணமே. அட்டை கையில் இருக்க வேண்டும். இலங்கை போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக் கடவுச்சீட்டுக்கும் அதே 40. எங்களோடு டொராண்டோ நண்பர் ஒருவரும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள், மகளின் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்கச் சென்னை வந்தவர்கள். இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருக்கும் அம்மாவுக்கு 40, கனடாக்காரராகிவிட்ட மகனுக்கு 600. "நான் அப்பவே சொன்னேன்" என்ற ஒரு வரியை அந்த அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் அதுவே செல்லும். யுபிஐ இல்லாத வெளிநாட்டுத் தொலைபேசிக்காரர்கள் ரொக்கம் கொண்டுபோவது நல்லது. இளநீர்க்காரரிடம் கனடா கார்டை நீட்ட முடியாது.

எதை முதலில் பார்ப்பது? எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்கு ஓடுவார்கள். நான் அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தைச் சொல்வேன். கிழக்கு பார்த்த பாறை; காலை வெயில் நேராக விழும்போது உருவங்கள் எழுந்து வரும். 25 மீட்டருக்கு மேல் நீளம். நடுவே இயற்கையான ஒரு பிளவு, அதில் நாகர்கள். ஒற்றைக் காலில் தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்பது இன்னும் தீராத வழக்கு. அந்தப் பிளவைப் பார்த்தால் எனக்குப் பகீரதன் பக்கம்தான் மனம் சாய்கிறது. யானைக் கூட்டத்தருகே ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதை நம்பிச் சுற்றி நிற்கின்றன. தொலைபேசியிலிருந்து தலை தூக்காத என் மகன் அந்தப் பூனையைக் கண்டுபிடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்துச் சிற்பத்தில், பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தூண் மண்டபம் பின்னாளில் விஜயநகர காலத்தில் சேர்க்கப்பட்டது. பல்லவர் காலத்தில் அது திறந்த வெளிப் பாறைதான்.

பாறையில் செதுக்கிய கோயில்களான ஐந்து ரதங்களுக்கு அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். தொகையை முன்னாலேயே பேசிவிட்டோம். கொடுத்த காசு வீண் இல்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்து பாதியில் விட்ட இடங்களை அவர் காட்டியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். அந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். அது புரிய வேண்டும் என்றோ என்னவோ, பக்கத்திலேயே முழு யானை ஒன்றைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கடற்கரைக் கோயில் அழகுதான். ஆனால் உப்புக் காற்று பல நூற்றாண்டுகளாக அரித்துச் சிற்பங்களின் முகங்களை மழுக்கிவிட்டது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வரலாம். யாழ்ப்பாணத்து அம்மா பூசை நடக்கும் கோயில் கேட்டார். தபசுப் பாறையை ஒட்டியே ஸ்தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது, 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். நடை சாத்துவதற்குள் போய்விட்டோம்.

நேரம் மிஞ்சுகிறவர்கள் திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற கலை, கைவினை அருங்காட்சியகத்தில் இறங்கலாம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. பஸ்ஸில் போகிறவர்கள் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் புறவழிச்சாலையில்தான் இறக்கிவிடுவார்கள், ஊருக்குள் ஆட்டோ பேச வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிச் சென்னை அந்தச் சாலையில்தான் இருக்கும்.