கோதுமையை விலக்கியவர் கொங்கு நாட்டில் என்ன சாப்பிடலாம்: ஒரு பயணக் குறிப்பு

சீலியாக் நோய் உள்ளவர்கள் ஊருக்குப் போய்ச் சில வாரம் தங்கிவர முடியுமா என்று மெல்போர்னில் இருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். சென்ற தை மாதம் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரிலும் கோவையிலும் தங்கியிருந்தேன். கோதுமை சேராத உணவு அங்கே கேட்காமலேயே இலைக்கு வருகிறது. ஆனால் ஒரு பண்டத்தில் கோதுமை கலந்திருக்கிறதா என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் அரிதாகவே கிடைக்கிறார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், இந்நோய் உள்ளவரின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளை மழுங்கச் செய்துவிடுகிறது. வயிற்று உப்புசம், கழிச்சல் என்று மட்டும் அது வெளிப்படுவதில்லை. மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை, ஓயாத அசதி, வாய்ப்புண், எலும்பு மெலிவு என வயிற்றோடு யாரும் தொடர்புபடுத்தாத வடிவங்களிலும் வரும். எனக்கு அது இரத்தசோகையாகத்தான் வந்தது. குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதே இதற்கு இன்றுள்ள சிகிச்சை என்பதால், உறவினர் மனம் கோணக்கூடாதென்று ஒரு வாய் சாப்பிடுவது என்னைப் போன்றவர்களுக்கு இயலாத காரியம்.

வீட்டுச் சமையலைப் பொறுத்தவரை கொங்கு நாட்டைப் போல் வசதியான இடம் வேறில்லை என்றே சொல்வேன். அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுக் கடைசல், பச்சைப்பயறு, ராகிக் களி, கம்மங்கூழ், தேங்காய்ப் பாலோடு சந்தகை (இடியாப்பம் போன்றது) என்று எங்கள் பழைய சமையலில் கோதுமைக்கு இடமே இருந்ததில்லை. கொடிவேரி அணையின் வாய்க்கால் பாயும் நெல் வயல்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்குக் கோதுமை தேவைப்படவும் இல்லை. அது வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் மருந்தாக. சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே இரவுச் சோறு நின்று சப்பாத்தி தொடங்குவதை எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். விசேஷ நாளின் ஒப்புட்டு (போளி) மேல்மாவு மைதா என்பதால் அது எனக்குக் கிடையாது. கச்சாயம் பச்சரிசியும் வெல்லமுமாகச் செய்தால் சாப்பிடலாம். அவசரத்துக்குச் செய்பவர்கள் மைதாவும் ரவையும் சேர்ப்பதால் யார் வீட்டுக் கச்சாயம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உண்மையான சிக்கல் மாவு மில்லில் இருக்கிறது. மிளகாய்க்கு ஓர் எந்திரம், தலைக்குத் தேய்க்கும் அரப்புக்கு ஓர் எந்திரம் என்று கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் அதே மில்லில் கோதுமைக்கும் ராகிக்கும் அரிசிக்கும் ஒரே எந்திரம்தான் ஓடுகிறது. எனக்கு முன்னால் நின்றவரின் கோதுமை அரைந்து முடிந்ததும் என் ராகியைக் கொட்டினால், எந்திரத்துக்குள் ஒட்டியிருக்கும் மாவு அனைத்தும் என் டப்பாவுக்குத்தான் வரும். இதை விளக்கியபோது மில்லுக்காரர், "கோதுமை ஒட்டுனா என்னங்க, அதுவுஞ் சத்துதானுங்க" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மிளகாய் கலந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும், கோதுமை கலந்ததை எந்த நாக்கும் சொல்லாது. விடியற்காலையில் எந்திரத்தைத் துடைத்து முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டிக் கழித்துவிட்டு அரைத்துத் தர அவர் ஒப்புக்கொண்டாலும், அதை நான் முழுப் பாதுகாப்பு என்று கருதவில்லை. தானியத்தை ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரிலேயே ஆட்டிக்கொள்வதுதான் மேலான வழி. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை இந்தக் காரணத்துக்காக வாங்குபவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். இட்லிக்கும் சந்தகைக்கும் எப்படியும் ஊறவைத்துத்தான் ஆட்டுகிறோம். ராகித் தோசைக்கும் அதே முறை பொருந்திவிடுகிறது.

உணவகங்களில் நான் நம்பிச் சாப்பிட்டது ஆவியில் வெந்த இட்லி மட்டுமே. சாதாத் தோசையின் மாவில் குற்றமில்லை; ஆனால் ரவா தோசையும் கோதுமைத் தோசையும் அதே கல்லில்தான் வார்க்கப்படுகின்றன, அதே துடைப்பத்தால்தான் கல் தேய்க்கப்படுகிறது. சாம்பாரிலும் ரசத்திலும் வேறொரு வழியில் கோதுமை நுழைகிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவும் சேர்த்தே அதைச் செய்கிறார்கள், பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு. கோவையில் ஓர் உணவகத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது பரிமாறியவர் முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய் டப்பாவையே எடுத்துவந்து, பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து, "ஆமாங்க, போட்டிருக்கானுங்க" என்று வியந்தார். அந்த உணவகத்துக்கு நான் மீண்டும் போனேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சாப்பிடுங்க" என்று படிக்காமலேயே சொன்ன இடங்களுக்குப் போகவில்லை.

கேட்கும்போது "குளூட்டன்" என்று கேட்டுப் பயனில்லை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, சோயா சாஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மைதாவும் ரவையும் கோதுமையிலிருந்துதான் வருகின்றன என்பது சமையலறையில் நிற்பவர்களுக்கே எப்போதும் நினைவில் இருப்பதில்லை. பள்ளிபாளையம் சிக்கன் முறையாகச் செய்தால் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காயோடு முடிந்துவிடும், மாவு தேவையில்லை. கோவைத் தள்ளுவண்டிக் காளானில் முட்டைக்கோஸ், மைதா, சாஸ் எல்லாம் இருப்பதால், இளமைக்கால ஆசை எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது.

திருமண விருந்தைப் பற்றித்தான் அதிகம் அஞ்சியிருந்தேன், நடந்தது நேர்மாறு. சமையல் ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே பேசியதில், பெருங்காயம் போடுவதற்கு முன்பே பருப்பும் ரசமும் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, பூரி பொரிக்கும் எண்ணெயில் எனக்கான அப்பளத்தைப் பொரிக்காமல், முதல் பந்தியிலேயே உட்காரச் சொன்னார். பந்தி நீளும்போது கரண்டிகள் பாத்திரம் மாறிவிடும் என்று அவராகவே சொன்னதுதான் எனக்கு வியப்பு. மருத்துவக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அத்தை மட்டும், "ஏங் கண்ணு, ஒரே ஒரு ஒப்புட்டு தின்னா என்ன ஆயிரும்?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பொட்டலப் பண்டங்களுக்கு வந்தால், குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை உறையில் அறிவிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் சோதனைக்கு அகப்படும் அளவே இருக்கக்கூடாது. ஓட்ஸும் மால்ட்டும் அறவே கூடாது. அந்தப் பழக்கத்தோடு வருபவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்ட பிறகு, சிறுதானியம் என்று பெயர் வைத்த பண்டங்கள் எங்கும் குவிந்திருக்கின்றன. ஆனால் ராகி சேமியாவிலும் தினை நூடுல்ஸிலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சர்வசாதாரணம். சத்துமாவில் வறுத்த கோதுமையும் பார்லியும் இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. பேக்கரிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வாசனையோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

மருத்துவச் சேவை விரைவானது. வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துப் போகிறார்கள், முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஓர் ஆய்வகம், நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கும் ஐ.ஜி.ஜி. (இரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பொருள், ஆன்டிபாடி) சோதனைத் தொகுப்பு ஒன்றை என் தலையில் கட்டப் பெரிதும் முயன்றது. அந்தச் சோதனை ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது என்று ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. சீலியாக்குக்கு முதலில் வேண்டியது டி.டி.ஜி. - ஐ.ஜி.ஏ. என்ற இரத்தச் சோதனை, சிலருக்கு ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருளே பிறவியிலிருந்து குறைவாக இருந்து முடிவு பொய்யாகிவிடும் என்பதால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதற்குள் சொந்தத்தில் இரண்டு பேர் காணொளிகளைப் பார்த்துக் கோதுமையை விட்டிருந்தார்கள். மாமாவுக்குச் சப்பாத்தியை நிறுத்தியும் உப்புசம் தீரவில்லை. அதில் வியப்பில்லை, கோதுமையில் குளூட்டன் மட்டுமன்றி ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் உண்டு, பலருக்கு வயிற்றை உப்பச் செய்வது அதுதான். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய, சீலியாக் இல்லாத நோயாளிகளுக்கு இத்தகைய மாவுப்பொருள்களைக் குறைத்ததும் தொல்லை தணிந்தது. பிறகு குளூட்டனைத் தனியாகக் கொடுத்தபோது அதற்கென்று குறிப்பான விளைவு எதுவும் தெரியவில்லை. ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய இருக்கிறது; சின்ன வெங்காயம் இல்லாமல் கொங்குச் சமையலை மாமா எப்படிக் கற்பனை செய்வார் என்று தெரியவில்லை.

சித்தி மகளின் நிலைமை வேறு. அவளுக்கு அசதியும் இரத்தசோகையும் இருந்ததால் கோவையில் ஒரு குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சோதனைக்கு முன்பே கோதுமையை விட்டது தவறு என்றார். உடலில் குளூட்டன் போகாவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லையென்றே முடிவு வரக்கூடும். நாள்தோறும் கோதுமை சேர்த்துக் குறைந்தது 6 வாரம் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இப்போது அவள் காலையும் இரவும் சப்பாத்தி சாப்பிடுகிறாள், அசதி கூடியிருப்பதாக எழுதுகிறாள். மாசி கடைசியில் இரத்தம் எடுப்பார்கள். எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து குடல் திசுவை எடுத்துப் பார்க்க அதே மருத்துவரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறோம்.